கையைத் தூக்கினா போதுமா? – போல்சன் கதையும் ஒரு சட்டத்தின் ஓட்டையும்

வருஷம் 1972. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் வேக்ஃபீல்டு என்ற ஊரின் நீதிமன்றம். திவாலாகிப்போன ஒரு கட்டட வடிவமைப்பாளரை விசாரிச்சுட்டு இருக்காங்க. பேரு ஜான் போல்சன். கடன் கொடுத்தவங்களோட பணம் எங்கே போச்சுன்னு கண்டுபிடிக்கிற சாதாரண விசாரணைதான். ஆனா மனுஷனுக்கு ஒரு விசித்திரமான பழக்கம். எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட மாட்டார். யாருக்கு எவ்வளவு கொடுத்தார், யாருக்கு என்ன உபகாரம் செய்தார், எல்லாமே கோப்பு கோப்பாக இருந்தது.

வழக்கறிஞர் மியூர் ஹன்டர் அந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்க, பூதம் பூதமாகக் கிளம்பியது. அந்த ஜூலையிலேயே உள்துறை அமைச்சர் ரெஜினால்டு மாட்லிங் ராஜினாமா செய்தார். அவர் முன்பு போல்சனின் நிறுவனம் ஒன்றுக்குத் தலைவராக இருந்தவர். விசாரிக்க வேண்டிய லண்டன் போலீஸ் அவர் துறைக்குக் கீழே வருது. அப்புறம் எப்படி நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியும்?

அமைச்சர் கதை தலைப்புச் செய்தி. எனக்குப் பிடித்தது அதற்குக் கீழே நடந்த கதை. நகராட்சி, மாவட்ட கவுன்சில் அளவில் நடந்தது.

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் உள்ளாட்சிகளிடம் பணம் கொட்டிக்கிடந்தது. சேரிகளை இடித்து அடுக்குமாடிகள், பள்ளிகள், நீச்சல் குளங்கள்னு கட்டித் தள்ளினார்கள். யார் வடிவமைப்பது என்பதை முடிவு செய்வது கவுன்சிலர்கள் உட்காரும் கமிட்டி. போல்சனுக்கு அந்தக் கமிட்டிகளுக்குள் போக ஒரு கதவு வேணும். கதவைத் திறந்தவர் டி. டான் ஸ்மித். 1960 முதல் 1965 வரை நியூகாசில் நகர கவுன்சிலின் தலைவர். பேச்சில் கெட்டிக்காரர், நகரத்தை வடக்கின் பிரேசிலியாவாக மாற்றப்போவதாகக் கனவு கண்டவர். சொந்தமாக மக்கள் தொடர்பு நிறுவனங்களும் நடத்தினார். போல்சனிடமிருந்து அந்த வகையில் வந்தது ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல். ஸ்மித் என்ன செய்தார்? வேறு வேறு ஊர்களின் கவுன்சிலர்களைப் பிடித்துத் தன் நிறுவனத்துக்கு 'ஆலோசகர்' ஆக்கினார். அந்த ஆலோசகர்கள் தங்கள் ஊர் கமிட்டியில் போல்சன் பேரைச் சொன்னார்கள். அவ்வளவுதான் வேலை!

"அப்போ சட்டம் எதுவும் இல்லையா?"ன்னு கேக்கறீங்களா? இருந்தது. நிறையவே இருந்தது. சுவாரசியமே அங்கேதான்.

1835-ல் வந்த நகராட்சிச் சட்டம் ரொம்பக் கறார். கவுன்சிலோடு ஒப்பந்தத்தில் உனக்குப் பங்கு இருந்தால் நீ கவுன்சிலராகவே இருக்க முடியாது. முடிஞ்சது கதை. லண்டனின் பெருநகரப் பணிகள் வாரியத்தில் நடந்த ஊழல்கள் நாறிப்போய் 1888-ல் அரச ஆணையம் விசாரித்தது. அடுத்த ஆண்டே, 1889-ல், உள்ளாட்சியில் லஞ்சம் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று தனிச் சட்டம் வந்தது.

ஆனா கறாரான விதிக்கு ஒரு தலைவலி உண்டு. சின்ன ஊர்ல மரக்கடை வைத்திருப்பவர், கரி விற்பவர் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் நகராட்சிக்குச் சரக்கு கொடுப்பவர்கள்தான். அவங்களை எல்லாம் தள்ளிட்டா கவுன்சிலில் உட்கார ஆள் வேணாமா? அதனால் 1933-ன் உள்ளாட்சிச் சட்டம் வேறு வழிக்குப் போனது. நீ கவுன்சிலராக இரு. உனக்குப் பண ஆதாயம் உள்ள விஷயம் கூட்டத்தில் வந்தால் கையைத் தூக்கி "எனக்கு இதுல பங்கு இருக்கு" என்று சொல்லிவிடு. விவாதத்தில் பேசாதே, ஓட்டுப் போடாதே. மீறினால் அபராதம் 50 பவுண்டு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கு. நம்ம தொழில்லயும் இதே மாதிரி ஒண்ணு உண்டே. நான் எழுதின கோடை நானே ரிவ்யூ பண்ணி ஓகே சொல்லக்கூடாது. ஆனா இந்த விதி முழுக்க முழுக்க அந்த ஆளோட மனசாட்சியை நம்பி நிற்குது. அவர் கையைத் தூக்காவிட்டால், தூக்கியிருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பட்டியல் கிடையாது. இப்போ மேலே சொன்ன சங்கிலியைப் பாருங்க. கவுன்சில் ஒப்பந்தம் போடுவது போல்சனோடு. போல்சன் பணம் கொடுப்பது ஸ்மித்தின் நிறுவனத்துக்கு. அந்த நிறுவனம் பணம் கொடுப்பது கவுன்சிலருக்கு. பாயின்டருக்குப் பாயின்டர் மாதிரி :-) கமிட்டியில் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு இதில் ஒரு கண்ணிகூடத் தெரியாது.

மோப்பம் பிடித்தவர்கள் இல்லாமல் இல்லை. பிராட்ஃபோர்டு பத்திரிகையாளர் ரே ஃபிட்ஸ்வால்டர் 1970-லேயே எழுதினார். 'பிரைவேட் ஐ' இதழில் பால் ஃபுட்டும் அதே ஆண்டில் எழுதினார். ஆனாலும் கோப்புகள் வெளியே வந்தது போல்சன் திவாலானதால்தான். அவர் வியாபாரம் மட்டும் நன்றாக ஓடியிருந்தால்? காகிதங்களைக் கிழித்துப்போடும் ஆளாக இருந்திருந்தால்? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

1974-ல் தண்டனைகள். போல்சனுக்கு முடிவில் 7 ஆண்டு. ஸ்மித் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 6 ஆண்டு. டர்ஹாம் மாவட்டத்தின் பெரிய புள்ளி ஆண்ட்ரூ கன்னிங்ஹாமும் சிறைக்குப் போனார். (1996-ல் பிபிசி ஒளிபரப்பிய 'அவர் ஃபிரண்ட்ஸ் இன் த நார்த்' தொடர் பார்த்தவர்களுக்கு ஸ்மித்தின் சாயலில் ஒரு பாத்திரம் ஞாபகம் வரலாம்.)

சிறைக்கு அனுப்பியாச்சு, ஓட்டையை அடைக்கணுமே? 1973-ல் பிரதமர் அமைத்த ரெட்கிளிஃப்-மாட் குழு 1974-ல் அறிக்கை கொடுத்தது. வாயால் சொல்வது போதாது, கவுன்சிலர்களின் வருமான வழிகளும் சொத்துத் தொடர்புகளும் ஒரு பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்பது அதன் முக்கியமான யோசனை. 1975-ல் ஒரு தேசிய நடத்தை நெறி வந்தது. நெறிதான், பதிவேடு சட்டமாகவில்லை. அந்த விஷயத்தில் நாடாளுமன்றம் முந்திக்கொண்டது. எம்.பி.க்களின் பதிவேடு 1974-ல் தீர்மானமாகி, அடுத்த வருஷமே முதல் பதிப்பு வெளியானது. அதிலும் ஈனக் பவல் தன் பேரைப் பதிய முடியாதுன்னு அடம் பிடித்தார்! கவுன்சிலர்களுக்குக் கட்டாயப் பதிவேடு வர 1989-ன் சட்டமும் 1992-ன் விதிமுறைகளும் தேவைப்பட்டன. போல்சன் விசாரணையிலிருந்து கணக்குப் போட்டால் முழுசாக 20 வருஷம்.

இங்கிலாந்தில் 2011-ன் சட்டம் இன்னும் ஒரு படி போனது. பதவிக்கு வந்த 28 நாளுக்குள் வேலை, ஒப்பந்தம், நிலம், பங்குகள் எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும். கணவன் அல்லது மனைவியுடையதும் சேர்த்து. பதிவேடு இணையத்திலும் வெளியாக வேண்டும். நியாயமான காரணமில்லாமல் மறைத்தால் அதுவே கிரிமினல் குற்றம், 5 ஆண்டு வரை பதவிக்கு வரத் தடையும் விதிக்கலாம்.

"எழுதி வாங்கிட்டா திருடன் திருந்திடுவானா?" திருந்த மாட்டான். பதிவேட்டின் பலம் வேறு இடத்தில் இருக்கு. லஞ்சத்தை நிரூபிக்க, கொடுத்தவன் என்ன நினைத்துக் கொடுத்தான், வாங்கியவன் பதிலுக்கு என்ன செய்தான் என்று காட்டணும். அதுக்கு ஒரு போல்சனும் அவர் சேர்த்து வைத்த காகிதங்களும் வேணும். மறைத்ததை நிரூபிக்க அவ்வளவு பாடு வேண்டாம். இந்த வருமானம் இருந்தது, இந்தத் தாளில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும். அதை ஒரு உள்ளூர்ப் பத்திரிகையாளரோ, வரி கட்டும் ஒரு சாதாரண ஆளோகூடச் செய்யலாம்.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு ஒட்டு உறவு உண்டு. 1920-ன் மெட்ராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலும், நகராட்சி ஒப்பந்தத்தில் பங்குள்ளவர் கவுன்சிலராக முடியாது என்ற அந்தப் பழைய கறார் விதி இருந்தது. ஆனா நமக்குத்தான் பினாமி என்ற வார்த்தைக்கு அகராதி தேவையில்லையே. ஒப்பந்தத்தில் யார் பேரு இருக்குன்னு மட்டும் பார்க்கிற விதியை மச்சான் பேரில் டெண்டர் போட்டுத் தாண்டிவிடலாம். டான் ஸ்மித் அதை 'ஆலோசகர்' என்று கொஞ்சம் நாசூக்காகச் செய்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்க வார்டு கவுன்சிலருக்கு அந்தப் பதவியைத் தவிர வேறு எங்கிருந்தெல்லாம் வருமானம் வருதுன்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு ஏதாவது வழி இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க மக்களே, பேசுவோம்.