வாசலில் தேர்வு, உள்ளே ஏணி: இரு நாடுகளின் பேச்சு சிகிச்சை உதவியாளர்கள்

ஐந்து வயதுப் பிள்ளைக்குக் ‘கார்’ வராது, ‘டார்’தான் வரும். சாவியைக் காட்டி என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டால் ‘டீ’ என்னும். தெரபிஸ்ட் சோதித்துப் பார்க்கிறார். அடிநாக்கு எழுந்து அண்ணத்தைத் தொடவேண்டிய இடத்தில் நுனிநாக்கு முந்திக்கொள்கிறது என்று கண்டுபிடித்து, திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறார். அதற்குப் பிறகு வாரந்தோறும் அந்தப் பிள்ளைக்கு எதிரே சின்ன நாற்காலியில் உட்கார்ந்து ‘கார்–டார்’, ‘கீ–டீ’ என்று பட அட்டைகளைப் புரட்டுபவர் உதவியாளர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்தக் காட்சியில் வித்தியாசம் இல்லை. அட்டையும் பென்சிலும் சரி-தவறு குறிக்கும் தாளும்கூட ஒன்றேதான்.

அந்தத் தாளை வைத்தே உதவியாளரின் திறமையை எடைபோட்டுவிடலாம். இருபது முறை கேட்டதில் பதினான்கு சரி என்று எழுதுவது யாராலும் ஆகும். அந்தப் பதினான்கில் ஒன்பது, தான் முதலில் சொல்லிக் காட்டிய பிறகே வந்தவை என்று ஓரத்தில் குறித்து வைப்பவர்தான் தேர்ந்தவர். முதல் குறிப்பை மட்டும் பார்க்கும் தெரபிஸ்ட் பிள்ளையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்திவிடுவார். இரண்டாவதையும் பார்ப்பவர் இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருப்பார். பொறுமை, குழந்தைகள் மேல் அன்பு என்றெல்லாம் வேலை விளம்பரங்களில் எழுதுகிறார்கள். அவை வேண்டியவைதான். ஆனால் கண்டதைக் கண்டபடி குறிப்பதும், எந்த இடத்தில் தான் நிறுத்திக்கொண்டு தெரபிஸ்டைக் கூப்பிட வேண்டும் என்று அறிவதும்தான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. இந்தத் திறனை அமெரிக்கா வாசலிலேயே சோதித்துப் பார்க்க நினைக்கிறது. பிரிட்டன் ஆளை உள்ளே விட்டுவிட்டுப் பழக்குகிறது. இரண்டு நாட்டு உதவியாளர்களின் எதிர்காலமும் இங்கேதான் பிரிகிறது.

அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிச் சங்கமான ‘ஆஷா’ 1925-இல் தொடங்கியது. அது உதவியாளர்களுக்கென்று தனிச் சான்றிதழ் கொண்டுவந்ததோ 2020-இல்தான். அதைப் பெற, உதவியாளர் படிப்போ தொடர்பியல் குறைபாடுகள் பற்றிய இளநிலைப் பட்டமோ வேண்டும். வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. அதற்குமேல் குறைந்தது 100 மணி நேரக் களப்பணி, அதில் 80 மணி நேரம் நேரடியாகப் பிள்ளைகளோடோ நோயாளிகளோடோ. கடைசியில் ஒரு தேர்வு. இத்தனையும் முடித்தாலும் வேலை செய்ய அனுமதி தருவது ஆஷா அல்ல, மாநிலம். கலிஃபோர்னியா இரண்டாண்டுப் படிப்பை ஏற்கும். டெக்சாஸ் பட்டம் கேட்கும். ஒரு மாநிலத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர் கணவருக்கு மாற்றலாகி அடுத்த மாநிலத்துக்குப் போனால், அங்கே மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் கட்டணம், சில சமயம் மறுபடியும் படிப்பு.

பிரிட்டனில் வாசல் அகலம். உதவியாளர்களில் பெரும்பாலோர் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். ஊழியர்கள். 2004 முதல் அங்கே பெரும்பாலான ஊழியர்களை ‘பேண்ட்’ என்ற படிநிலைகளில் வைத்திருக்கிறார்கள். உதவியாளருக்கு 3 அல்லது 4, புதிதாகத் தேறிய தெரபிஸ்டுக்கு 5. பேண்ட் 3 வேலைக்குப் பெரும்பாலும் பள்ளியிறுதி ஆங்கிலமும் கணக்கும் தேறியிருந்து, குழந்தைகளோடோ முதியோரோடோ பழகிய அனுபவம் இருந்தால் போதும். வகுப்பறை உதவியாளராக இருந்தவர்கள், முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர்கள், பிள்ளை வளர்த்த பின் வேலைக்குத் திரும்பும் அம்மாக்கள் என்று பலரும் வருகிறார்கள். சேர்ந்த பிறகு அடிப்படைப் பராமரிப்புப் பயிற்சி. பிறகு பேச்சோடு சேர்த்துக் கைச்சைகை காட்டும் மகாட்டன் முறை. ஆர்வமுள்ளவர்களுக்குச் சம்பளத்தோடு மூன்றாம் நிலை அப்ரெண்டிஸ் பயிற்சி. எல்லாம் உள்ளே போன பிறகுதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. பேச்சு தெரபிஸ்ட் என்ற பெயர் பிரிட்டனில் சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர், எச்.சி.பி.சி. என்ற ஆணையத்தில் பதியாதவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. உதவியாளருக்கு அந்தப் பதிவேட்டில் இடமே கிடையாது. அவர் செய்யும் வேலைக்கு மேலே இருக்கும் தெரபிஸ்டும் நிர்வாகமும்தான் பொறுப்பு. எவ்வளவு மேற்பார்வை என்பதும் இடத்துக்கு இடம் மாறும். நல்ல குழுவில் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். ஆள் பற்றாக்குறையான இடத்தில் மின்னஞ்சலோடு சரி.

இந்த விஷயத்தில் அமெரிக்கர்களின் கறாரை நான் மதிக்கிறேன். ஆஷா 2013-இல் எழுதிய வரையறை இப்படிச் சொன்னது: முதல் 90 வேலை நாட்களில் வாரத்துக்கு 30 விழுக்காடு மேற்பார்வை, அதில் 20 விழுக்காடு பக்கத்திலிருந்து நேரடியாக. பிறகு அது 20-க்கும் 10-க்கும் இறங்கும். உடல்நிலை மிகவும் நொய்ந்தவர்களோடு வேலை செய்யும்போது முழு நேரமும் தெரபிஸ்ட் கூட இருக்க வேண்டும் என்றும் அது சொன்னது. இப்படி எண்ணில் எழுதி வைத்தால்தான், ‘மேடம், இந்த மாதம் நீங்கள் ஒருதரம்கூட என் வகுப்புக்கு வரவில்லை’ என்று உதவியாளரால் கேட்க முடிகிறது. எழுதாத இடத்தில் அதைக் கேட்பவருக்குக் ‘குறை சொல்கிறவர்’ என்று பெயர் வந்துவிடும்.

செய்யக்கூடாதவற்றின் பட்டியலில் இரு நாடுகளும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. நோய் இன்னது என்று சொல்லக்கூடாது, சிகிச்சைத் திட்டத்தைத் தானாக மாற்றக்கூடாது. பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீரை எந்த அளவுக்குக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும் என்ற முடிவு தெரபிஸ்டுடையது; கொடுக்கும்போது அதன்படி கொடுக்கிறார்களா, நோயாளி இருமுகிறாரா என்று கவனிப்பதில் உதவியாளருக்குப் பங்கு உண்டு.

பட்டியலில் அடங்காத ஒரு திறன், மொழி. லண்டனில் பல மொழிக் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் இருமொழி உதவியாளர்களை வேலைக்கு வைப்பது உண்டு. ஈழத்திலிருந்து போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்றால், ஆங்கிலம் மட்டும் தெரிந்த காதுக்கு அது கோளாறாகப் படக்கூடும். தமிழ் தெரிந்தவருக்கு அது கோளாறே அல்ல. சொல்லின் தொடக்கத்தில் ‘ஸ்’ இன்னொரு மெய்யோடு சேர்ந்து வந்தால் முன்னால் ஓர் உயிரைப் போட்டுக்கொள்வது நம் வீட்டு வழக்கம். அதே பிள்ளை ‘கூல்’ என்று ஒரு மெய்யையே விழுங்கிவிட்டால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டு மொழியையும் சேர்த்தே பிள்ளையின் பேச்சை மதிப்பிட வேண்டும் என்பது இரு நாட்டுத் தொழில் அமைப்புகளின் கொள்கை. ஆனால் தமிழ் பேசும் தெரபிஸ்டுகள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? அந்தக் காது உதவியாளரிடம்தான் இருக்கும். சம்பளச் சீட்டில் அதற்குத் தனி வரி கிடையாது.

இனி ஏணி. அமெரிக்காவில் உதவியாளர் தெரபிஸ்ட் ஆக முதுகலைப் பட்டம் கட்டாயம். 400 மணி நேர மருத்துவப் பயிற்சி, ஒரு தேசியத் தேர்வு, பிறகு 36 வாரம், 1,260 மணி நேரம் கொண்ட பயிற்சிப் பணி. பத்து வருடம் பிள்ளைகளோடு உட்கார்ந்தவரும், நேற்று பட்டம் வாங்கிய இருபத்திரண்டு வயதுக்காரரும் ஒரே முதுகலை வாசலில்தான் நிற்க வேண்டும். கட்டணத்துக்குக் கல்விக்கடன். பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். சிலர் இந்த வேலையையே முதுகலைக்கு இடம் கிடைக்கும்வரை ஒரு காத்திருப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் பள்ளிகளில் உதவியாளர் மாறிக்கொண்டே இருப்பார். வாசலில் அத்தனை சோதித்து எடுத்த ஆளுக்கு உள்ளே படி வைக்காமல் விட்டது விசித்திரம்தான்.

பிரிட்டன் இங்கே ஒரு படி முன்னே. தெரபிஸ்ட் பட்டத்தையே அப்ரெண்டிஸாகப் படிக்கும் வழி திறந்திருக்கிறது. வேலை, சம்பளம், பல்கலைக்கழகம் மூன்றும் ஒன்றாக. கட்டணம் மாணவர் தலையில் இல்லை. முடித்தால் பதிவு, பேண்ட் 5. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதை நடத்தும் பல்கலைக்கழகங்கள் சில, ஆளை அனுப்ப ஒப்புக்கொள்ளும் நிர்வாகங்கள் அதைவிடக் குறைவு. இடம் கிடைக்காதவர் பேண்ட் 4-இல் தங்கிவிடுகிறார். 2025–26 கணக்கில் இங்கிலாந்தில் பேண்ட் 4-இன் தொடக்கம் 27,485 பவுண்டு, உச்சம் 30,162. மூன்றே வருடத்தில் அந்த உச்சம் வந்துவிடும். பேண்ட் 5 தொடங்குவதே 31,049-இல். அதாவது இருபது வருட அனுபவமுள்ள உதவியாளர், தான் வேலை கற்றுக்கொடுத்த புதுப் பட்டதாரியைவிடக் குறைவாக வாங்குவார். எனக்குப் பிரிட்டனின் முறைமேல்தான் சாய்வு. ஆனாலும் இந்தத் தொள்ளாயிரம் பவுண்டுக்குக் கிட்டத்தட்ட வரும் இடைவெளியைப் பார்க்கும்போது அதை முழுமனதோடு புகழ முடியவில்லை.

இந்தியாவில் இதற்கு நிகரான இடத்தில் இருப்பது, பிளஸ் டூவுக்குப் பிறகு ஓராண்டு படிக்கும் டி.எச்.எல்.எஸ். பட்டயம். 1965-இல் தொடங்கிய மைசூர் அகில இந்தியப் பேச்சு-செவி நிறுவனம் இதைக் காணொளி வழியாகப் பல ஊர் மையங்களில் நடத்துகிறது. படித்தவர்கள் மாவட்ட மருத்துவமனைகளில் செவித்திறன் சோதிக்கும் உதவியாளர்களாகப் போகிறார்கள். நான்காண்டு பி.ஏ.எஸ்.எல்.பி. படித்தவர்தான் முழு தெரபிஸ்ட்.

அந்த நான்காண்டுப் படிப்பு முடித்த நம் பிள்ளைகள் இந்த இரு நாடுகளையும் பார்க்கும்போது ஒப்பீடு வேறொரு முகம் காட்டுகிறது. இரு நாட்டுச் சங்கங்களும் தங்களுக்குள் உடன்பாடு வைத்து ஒருவர் தெரபிஸ்டை மற்றவர் ஏற்பதை எளிதாக்கியிருக்கிறார்கள்; இந்தியா அந்த வட்டத்தில் இல்லை. அமெரிக்கா என்றால் இளநிலைப் படிப்பு தெரபிஸ்ட் வேலைக்குப் போதாது, முதுகலை வேண்டும். பிரிட்டனில் இளநிலையோடு விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவருக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 8 மதிப்பெண் கேட்பார்கள். பேச்சைத் திருத்தும் வேலை என்பதால் எச்.சி.பி.சி. பதியும் மற்றத் துறைகளுக்கு 7 போதும் என்கிற இடத்தில் இவர்களுக்கு 8. அந்த எண்ணுக்கும் பதிவுக்கும் காத்திருக்கும் மாதங்களில் பேண்ட் 4 உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், நேர்முகத்துக்குப் போகுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மேற்பார்வை, பதிவு வந்தவுடன் பேண்ட் 5-க்கு அதே குழுவில் இடம் உண்டா. இரண்டுக்கும் எழுத்தில் பதில் கேட்கலாம்.