ஆயாக் கொட்டகையும் அண்டை வீட்டாரும்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் கைக்குழந்தை வளர்ப்பின் வரலாறு

முன்னுரை

மலேசியத் தோட்டப்புறத் தமிழர் வரலாறு பெரும்பாலும் ஆள்சேர்ப்பு, கூலி, தொழிற்சங்கம் ஆகிய மூன்று பொருள்களைச் சுற்றியே எழுதப்பட்டு வந்துள்ளது. கங்காணி முறையைப் பற்றியும் வேலைநிறுத்தங்களைப் பற்றியும் நம்மிடம் தரமான ஆய்வுகள் உள்ளன. ஆயினும், விடியற்காலையில் பெரட்டுக் களத்திற்குச் சென்று பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரக் காட்டிற்குள் நுழைந்த தாயின் கைக்குழந்தை அப்பொழுது எங்கிருந்தது, அதனை யார் பார்த்துக்கொண்டார், அதற்குக் காய்ச்சல் கண்டபொழுது அவள் யாரிடம் கேட்டாள் என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களை நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டப்புறங்களை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கைக்குழந்தைகளை வளர்ப்பதில் தோட்டத்துப் பெற்றோர் ஒருவருக்கொருவர் அளித்துக்கொண்ட அறிவுரையும் உதவியும் வெறும் பழக்கவழக்கம் அன்று. சட்டமும் அரசும் முதலாளியும் விட்டுவைத்த இடைவெளியை நிரப்பிய ஒரு சமூக அமைப்பே அது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

உறவின்றி வந்தவர்கள்

நெகிரி செம்பிலானின் சுங்கை ஊஜோங் பகுதியில் 1880களில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் காப்பியின் இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. லிங்கி, ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ், கிம்மாஸ் எனத் தோட்டங்கள் விரிந்தன. அவற்றை வெட்டித் திருத்தியவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து கொணரப்பட்டவர்கள்.

இம்மக்கள்தொகையின் பால் விகிதம் இங்குக் கருதத்தக்கது. மலாயாவில் 1911இல் ஆயிரம் இந்திய ஆடவர்க்கு ஏறத்தாழ 300 பெண்களே இருந்தனர். 1931இல் இவ்வெண்ணிக்கை 480 அளவிற்கும் 1947இல் 640 அளவிற்கும் உயர்ந்தது. இவ்வெண்களைக் குழந்தை வளர்ப்பின் நோக்கில் வாசித்தால் ஒன்று புலனாகும். முதல் தலைமுறைத் தாய்மாருள் மிகப் பலருக்குத் தாயோ மாமியாரோ அருகில் இல்லை. தமிழகத்துச் சிற்றூரில் தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்லுதல் மரபு. தோட்டத்திலோ தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. ஆகவே, பக்கத்து லயத்துப் பெண் ‘அக்கா’ ஆனாள். அவள் கணவனின் தாய் ‘பெரியம்மா’ ஆனாள். கங்காணி முறையில் ஒரே ஊரினர் சேர்ந்து வந்தமையால் ஊர் உறவும் சாதி உறவும் ஓரளவு துணைநின்றன. எனினும், பேறு பார்க்கவும் பிள்ளை பார்க்கவும் அவை மட்டுமே போதவில்லை. முறைசொல்லி அழைத்து உறவை உண்டாக்கிக்கொள்ளும் வழக்கம் தேவையிலிருந்தே பிறந்தது.

காய்ச்சலும் சாவும்

தோட்டப்புறக் குழந்தை வளர்ப்பைச் சூழ்ந்து நின்ற பெரிய அச்சம் மலேரியா. மேட்டுநிலங்களில் காட்டை அழித்து ரப்பர் நட்டபொழுது ஓடைகளின்மீது வெயில் விழுந்தது. வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் பெருகும் கொசுவினமே அப்பகுதிகளில் நோயைப் பரப்பியது. கிள்ளானில் 1901 முதல் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் முதலியோரின் ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. குன்றும் ஓடையும் மிகுந்த நெகிரி செம்பிலான் இத்துன்பத்திற்கு விலக்கன்று. மலேரியா கருவுற்ற பெண்களைச் சோகை நோய்க்கு உள்ளாக்கியது. கருச்சிதைவையும் எடைகுறைந்த பிறப்பையும் மிகுவித்தது. மருத்துவ வரலாற்றறிஞர் லெனோர் மான்டர்சன் தம் நூலில் காட்டுவதுபோல, காலனிய அரசு தாய்சேய் நலத்தை நோக்கித் திரும்பியதற்கு உழைப்பாற்றலைக் காக்கும் கவலையும் ஒரு காரணமாகும். தோட்டத்திலேயே பிறந்து வளரும் குழந்தை நாளைய தொழிலாளி என்னும் கணக்கு அதனுள் அடங்கியிருந்தது.

ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு இச்சூழலில் எழுந்தது. பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டும் என்னும் விதி தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் சட்ட அடிப்படை அது. அதே சட்டத்தொகுப்பு மகப்பேற்று உதவித்தொகைக்கும் வழிசெய்தது என்பதை நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. பள்ளியின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. பள்ளிவயதுக்கு முந்திய குழந்தையின் வரலாறு எழுதப்படவில்லை.

ஆயாக் கொட்டகை

பேச்சு வழக்கில் ‘ஆயாக்கொட்டாய்’ எனப்பட்ட பிள்ளைக் காப்பிடம் லயங்களுக்கு அருகில் அமைந்த எளிய கொட்டகையாகும். உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்களும் சாரோங் தொட்டில்களும் தொங்கும். மரம் வெட்டும் உடல்வலிமை குன்றிய முதிய பெண்ணொருத்தி ஆயாவாக அமர்த்தப்படுவாள். இருட்டோடு இருட்டாகத் தாய்மார் குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவர். பால் எடுத்துக் கொட்டிவிட்டு நண்பகல் அளவில் திரும்புவர்.

இவ்வமைப்பின் பொருளியல் அடிப்படை வெளிப்படையானது. 1920களின் இறுதியில் எளிதில் அணுகத்தக்க தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒருவர் கூலியால் குடும்பம் நடவாது. தாயும் வேலைக்குச் சென்றாக வேண்டும். தோட்ட நிர்வாகத்துக்கும் பெண்ணுழைப்புத் தேவை. எனவே, ஆயாக் கொட்டகை அருளால் எழுந்ததன்று. பெண்ணின் கைகளைக் குழந்தையிடமிருந்து விடுவிக்கும் பொருட்டு எழுந்தது.

ஆயினும், ஒரு நிறுவனம் எதற்காகத் தோற்றுவிக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே பயன்படுவதில்லை. குழந்தையை விடவும் எடுக்கவும் நாள்தோறும் இருமுறை தாய்மார் கூடிய இடம் அதுவே. பல் முளைக்கும் காலத்து வயிற்றுப்போக்கு, மாந்தம், உரம் விழுதல், தலை நிற்கத் தாமதமாதல், பால் குடிக்க மறுத்தல் ஆகியவை பற்றிய பேச்சு அங்கே நிகழ்ந்தது. பல குழந்தைகளை ஒருங்கே பார்த்துவந்த ஆயாவுக்கு ஒப்பிட்டு அறியும் வாய்ப்பு இருந்தது; ஒரு குழந்தையை மட்டும் அறிந்த இளந்தாய்க்கு அவ்வாய்ப்பு இல்லை. வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுத்தலும் ஓமநீர் கொடுத்தலும் பிள்ளைபெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் சேர்ந்த காயமருந்து இடித்தலும் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த அறிவு. வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்னும் பெயர் தமிழில் உண்டு. அப்பெயரே ஒரு மருத்துவ மரபின் சுருக்கம். மலாய் அண்டையாரிடமிருந்து பெற்றவையும் இதனோடு கலந்தன. சாரோங் தொட்டில் அதற்குக் கண்கூடான சான்று.

இம்மரபு முழுவதும் நன்மை பயத்தது என்று கொள்ளுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுதலும், வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு நீர் கொடுக்க அஞ்சுதலும் அதே வாய்வழி அறிவின் பகுதிகளாக இருந்தன. இன்றைய மருத்துவம் இவ்விரண்டையும் தீங்கானவை என்றே கூறும். அண்டை வீட்டாரின் அறிவுரை அன்பினால் தரப்பட்டது என்பதனாலேயே சரியானதாகிவிடாது. ஆனால், அவ்வறிவுரைக்கு மாற்றாகத் தோட்டத்தில் இருந்தது பெரும்பாலும் டிரெசர் ஒருவரின் மருந்தகம் மட்டுமே என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும்.

டின்பாலும் ஒரு சொற்பொழிவும்

தாய் வேலைக்குச் சென்ற பொழுதில் குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்னும் சிக்கல் தோட்டத்தோடு நிற்கவில்லை. உலக வரலாற்றோடும் அதற்குத் தொடர்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இனிப்பூட்டிய டின்பால் மலாயாவெங்கும் பரவியது. கெடாமல் இருக்கும், எளிதில் கரையும் என்பதால் வேலைக்குச் செல்லும் தாய்க்கு அது வசதியாகத் தோன்றியது. ஆனால், அதில் சர்க்கரை மிகுதி. குழந்தைக்கு வேண்டிய சத்துகள் குறைவு. தூய்மையற்ற நீரில் கரைக்கப்பட்டபொழுது அது நோய்க்கும் வாயிலாயிற்று. ஆப்பிரிக்காவில் குவாசியோர்கர் என்னும் சத்துக்குறை நோயை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்திய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் அவர் ஆற்றிய உரை, தாய்ப்பாலுக்கு மாற்றாக இப்பாலைப் பரப்புவோரைக் கடுமையாகச் சாடியது. அவர் தொடுத்த வாதம் 1970களில் பன்னாட்டு இயக்கமாக வளர்ந்து, 1981இல் தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனை பற்றிய உலகச் சுகாதார நிறுவன நெறிமுறையாக முடிந்தது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. டின்பாலைக் கொடுத்த தாயை அறியாமையுடையவள் எனக் கூறுதல் எளிது. ஆனால், பாலூட்டும் இடைவேளை அளிக்காத வேலைநேரமே அவள் தேர்வை முடிவு செய்தது. அறிவுரை எவ்வளவு சிறந்ததாயினும் அதனைப் பின்பற்றும் நேரம் தாய்க்கு இருந்தாலன்றிப் பயனில்லை.

போரும் அதன் பின்னும்

ஜப்பானியர் ஆட்சிக் காலம் (1942–1945) இவ்வுதவி வலையைக் கடுமையாகச் சோதித்தது. சயாம்–பர்மா இருப்புப்பாதைப் பணிக்குத் தோட்டத்து ஆடவர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அரிசி அரிதாகி மரவள்ளிக் கிழங்கே உணவான அந்நாள்களில், தந்தையை இழந்த குழந்தைகளும் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளும் லயங்களில் எஞ்சினர். அவர்களை எடுத்து வளர்த்தவர்கள் அண்டை வீட்டாரே. இவ்வளர்ப்புப் பிள்ளைகளின் வரலாறு தனி ஆய்வுக்குரியது.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் எழுந்தன. பின்னாளில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்திய பி. பி. நாராயணனின் பொதுவாழ்வு நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தோடு தொடர்புடையது. 1954இல் தேசியச் சங்கம் உருவாயிற்று. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 60 நாள் மகப்பேற்று விடுப்புக்கு வழிசெய்தது. விடுதலைக் காலந்தொட்டு அரசு நாட்டுப்புறங்களில் சுகாதார நிலையங்களையும் மருத்துவச்சி நிலையங்களையும் நிறுவியது. தீபகற்பத்தில் 1957இல் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 75ஆக இருந்த குழந்தை இறப்பு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒற்றை இலக்கத்துக்குக் குறைந்தது. இது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால், தோட்டம் தனியார் நிலம். அதன் சுகாதாரம் முதலாளியின் பொறுப்பு எனக் கருதப்பட்டமையால் நாட்டுப்புறச் சுகாதாரத் திட்டத்தின் நேரடிப் பயன் தோட்டத்து லயங்களுக்குப் பிந்தியே வந்தது. சாலைக்கு அப்பாலுள்ள கம்பத்தில் பயிற்சிபெற்ற மருத்துவச்சி இருந்தாள். இப்பால் ஆயா இருந்தாள்.

உதவியின் விலை

கூட்டு வளர்ப்பைப் போற்றும்பொழுது அதன் விலையைச் செலுத்தியவர் யார் என்று கேட்பது ஆய்வாளன் கடமை. ஆயாக் கொட்டகை இல்லாத இடத்திலும், ஆயா ஒருத்தியால் பார்க்க முடியாத அளவுக்குக் குழந்தைகள் பெருகிய இடத்திலும், வீட்டின் மூத்த பெண்பிள்ளையே தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டாள். ‘பிள்ளை பார்க்க’ என்னும் காரணத்தால் தமிழ்ப்பள்ளியின் இடைவகுப்புகளில் நின்றுபோன பெண்கள் ஒரு தலைமுறை முழுவதும் உண்டு. தமிழ்ப்பள்ளி வரலாற்றில் ‘இடைநிற்றல்’ என நாம் எழுதும் சொல்லுக்குள் ஒரு தொட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது. தந்தையர் பங்கும் இவ்வாறே ஆவணங்களில் இடம்பெறவில்லை. கள்ளுக்கடையைப் பற்றி எழுதிய அறிக்கைகள், மாலையில் குழந்தையைத் தோளில் சுமந்து உறங்கவைத்த தகப்பனைப் பற்றி எழுதவில்லை. நாட்டின் சட்டம் தனியார் துறைத் தந்தையர்க்கு 7 நாள் விடுப்பை வழங்கியது 2023இல்தான். அதே திருத்தத்தால் தாய்மாரின் விடுப்பு 98 நாளாயிற்று.

கலைந்த லயங்கள்

1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டமும், தோட்டங்களில் பிள்ளைக் காப்பிடம் பற்றிய விதிகளைக் கொண்ட 1990ஆம் ஆண்டு வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டமும் வந்த காலத்தில், தோட்டச் சமூகமே கலையத் தொடங்கியிருந்தது. ரப்பர் செம்பனைக்கு இடம்விட்டது. சிரம்பான், நீலாய், லாபு வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் மலிவுவிலை வீடுகளுக்குப் பெயர்ந்தன. கூலி உயர்ந்தது; மருத்துவமனை அண்மையாயிற்று; ஆனால், தொழிற்சாலையில் இரவுமுறை வேலைக்குச் செல்லும் இளந்தாய் கதவைத் தட்டிக் கேட்கக்கூடிய ‘பெரியம்மா’ அடுக்குமாடியில் இல்லை. ஒரே தோட்டத்தார் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறியமையால், மூன்று தலைமுறையாகக் கட்டப்பட்ட முறை உறவு ஒரு தலைமுறையில் அறுந்தது. நகர்ப்புற ஏழ்மை பற்றிய ஆய்வுகள் வருமானத்தை அளக்கின்றன. இவ்விழப்பை அளக்கும் அளவுகோல் இன்னும் உருவாகவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, தோட்டப்புறக் குழந்தை வளர்ப்பு பெண்ணுழைப்பின் தேவையால் உருப்பெற்றது. இரண்டாவது, முதலாளி தன் தேவைக்கு அமைத்த ஆயாக் கொட்டகையைத் தாய்மார் தம் அறிவுப் பரிமாற்றக் களமாக ஆக்கிக்கொண்டனர். மூன்றாவது, அவ்வுதவி விலையின்றிக் கிடைத்ததன்று. முதிய பெண்களும் பள்ளிவயதுச் சிறுமியரும் அதன் விலையைச் செலுத்தினர்.

இவ்வரலாற்றுக்குரிய முதன்மைச் சான்றுகள் ஆவணக் காப்பகத்தில் மிகக் குறைவு. மனிதர்களின் நினைவிலேயே உள்ளன. ஆயாவாகப் பணியாற்றிய பெண்களுள் எஞ்சியோர் இன்று மிக முதியவர்கள். அவர்களை அறிந்தவர்கள் நம் தமிழாசிரியர்களே. ரந்தாவிலும் பகாவிலும் போர்ட்டிக்சனிலும் பணியாற்றும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவரின் பாட்டிமாருள் ஒருவரிடமேனும் தோட்டத்தின் பெயர், ஆண்டு, கொட்டகையில் இருந்த குழந்தைகளின் எண்ணிக்கை, கொடுத்த உணவு, சொன்ன மருந்து, பாடிய தாலாட்டு ஆகியவற்றைக் கேட்டு அவர் சொற்களிலேயே பதிவுசெய்தால், பல்கலைக்கழகம் தனித்து நின்று செய்ய இயலாத பணி நிறைவேறும். அதற்கு எஞ்சியுள்ள காலம் சிறிது.