பழக்கியவனும் பழகியதும்

திரையில் யானை ஒன்று மண்டியிடுகிறது. துதிக்கையை உயர்த்திக் கதாநாயகனுக்கு வணக்கம் சொல்கிறது. கொட்டகையில் கைதட்டல் எழுகிறது. "வாயில்லாச் சீவனுக்கு எவ்வளவு அறிவு!" என்று வியந்தபடி மக்கள் வீடு திரும்புகின்றனர். ஆனால் அந்த யானை கதாநாயகனைக் கண்டு மண்டியிட்டதன்று. படக்கருவியின் பார்வைக்கு எட்டாத ஓரிடத்தில் நின்று ஒரு சொல் சொன்ன பாகனுக்கே அது பணிந்தது. அந்தச் சொல்லும் அதற்கான பணிவும் ஒரு நாளில் விளைந்தவை அல்ல. ஆண்டுக்கணக்கில் உடனுண்டு, உடனுறங்கி, குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்திட்டுப் பெற்ற பணிவு அது. திரைப்படத்துறையில் விலங்குகளைப் பழக்கி வந்தவர்களின் வரலாறு தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. அதன் ஒரு பகுதியையாவது வாசக அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழக்கும் கலையும் மார்க்கமும்

விலங்கைப் பழக்குதல் இழிதொழில் என்றோர் எண்ணம் நம்மிடையே உண்டு. வித்தை காட்டுவோனின் பிழைப்பு என்று அதனை ஒதுக்கிவிடுகிறோம். நம் மார்க்க நூல்கள் அவ்வாறு ஒதுக்கவில்லை. திருமறையின் ஐந்தாம் அத்தியாயமாகிய அல்மாயிதாவின் நான்காம் வசனம், பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை ஆகுமாக்குகிறது. அவற்றுக்கு மனிதன் கற்பிப்பது, அல்லாஹ் அவனுக்குக் கற்பித்த அறிவிலிருந்தே என்றும் அவ்வசனம் உணர்த்துகிறது. நாயைப் பழக்குவோன் கையாளும் அறிவும் இறைவன் அருளிய அறிவுதான்!

இதனை விரித்த சட்ட அறிஞர்கள், ஒரு நாய் பழகிவிட்டது என்று எப்போது சொல்லலாம் என ஆராய்ந்தனர். பிடித்த இரையைத் தான் தின்னாமல் மும்முறை விட்டுவைத்தால் அது பழகியதாகும் என்றனர் இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும். அவர்களின் ஆசிரியராகிய இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ எண்ணிக்கை எதனையும் வரையறுக்கவில்லை. அதனை அத்துறை அறிந்தவரின் கணிப்புக்கே விட்டுவிட்டார்கள். மதரஸாவில் வேட்டை பற்றிய பாடத்தை ஓதும் மாணவர்கள் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுவதுண்டு. நின்று எண்ணினால் ஓர் உண்மை விளங்கும். ஓர் உணவு ஆகுமா, ஆகாதா என்னும் பெரிய கேள்வியில் பழக்குவோனின் சொல்லுக்கு அந்தப் பேரிமாம் இடமளித்திருக்கிறார்கள்.

மனிதன் தன் குதிரையைப் பழக்குவதை வீண் விளையாட்டுகளின் கணக்கில் சேர்க்காமல் விலக்கி வைத்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். அந்த ஹதீஸில் வரும் சொல் 'தஃதீப்' என்பது. பிள்ளைக்கு ஒழுக்கம் கற்பிப்பதையும் அரபியர் அதே சொல்லால்தான் குறிக்கின்றனர். குதிரையைப் பயிற்றுவதற்கு வழங்கும் 'ரியாளா' என்னும் சொல்லையே எடுத்து, மனத்தைப் பயிற்றும் பகுதிக்குப் பெயராக்கினார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். நம் செந்தமிழும் இதற்குக் குறைந்ததன்று. 'பழகு' என்பது தன்வினை. 'பழக்கு' என்பது பிறவினை. முன்னது இன்றிப் பின்னது இல்லை. விலங்கோடு தான் பழகாதவன் அதனைப் பழக்க முடியாது.

குதிரை மாண்ட கதை

இவ்வறிவு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு நம் கரையே சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோபோலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் பெருவிலைக்கு இங்கு இறக்கப்பட்டதைக் கூறுகிறார். அவற்றைப் பேணத் தெரிந்தோர் இன்மையால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மடிந்தன என்றும் எழுதிவைத்தார். குதிரை வந்தது, அதனை அறிந்த மனிதன் உடன் வரவில்லை. பின்னாளில் குதிரையேற்றத்தாலேயே பெயர் பெற்ற இராவுத்தர் என்னும் மரபினர் நம் சமுதாயத்தில் விளங்குவதும் இங்கே நினைக்கத் தக்கது. விலங்கின் உயிருக்கு அரண், அதனை அறிந்த மனிதனே.

காராப்பூரின் சிறுவன்

திரைப்படம் என்னும் புதுக்கலை வந்தபோது இப்பழைய தொழில் அதற்குள் புகுந்தது. அவ்வாறு புகுந்தவர்களுள் உலகப் புகழ் பெற்றவர் ஒரு முஸ்லிம் பாகனின் மகன். மைசூர் சமஸ்தானத்தில், கபினி ஆற்றை அடுத்த காராப்பூரில் 1924 ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். ஸாபு தஸ்தகீர் என்று உலகம் அவரை அறிந்தது. தஸ்தகீர் என்றால் பாரசீகத்தில் கைகொடுப்பவர் என்று பொருள். முஹ்யித்தீன் ஆண்டகையின் சிறப்புப் பெயர் அது. தந்தை மைசூர் மகாராஜாவின் யானைப் பாகர். பெற்றோரை இளமையிலேயே இழந்த அச்சிறுவன், அரண்மனை யானைக் கொட்டிலிலேயே வளர்ந்தான்.

அக்காலத்தில் காராப்பூர், காக்கன்கோட்டைக் காடுகள் 'கெத்தா' என்னும் யானை வளைப்புக்குப் பேர்போனவை. காட்டு யானைக் கூட்டத்தை ஆட்களும் பழகிய யானைகளும் சூழ்ந்து விரட்டி, மரவேலிக்குள் அடைத்துப் பிடிக்கும் முறை அது. 1971 வரை அங்கு அது நடந்தது. காட்டு யானையை அடக்க வீட்டு யானை வேண்டும். வீட்டு யானையைச் செலுத்தப் பாகன் வேண்டும். அப்பாகர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். காட்டையே தாயகமாகக் கொண்ட குறும்பர் முதலிய பழங்குடியினரும் இருந்தனர். ஏட்டுக் கல்வி அறியாத அவர்கள், யானையின் காது அசைவையும் கண்ணோரக் கசிவையும் நூலாகப் படித்தவர்கள்.

1935 இல் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி என்னும் அமெரிக்கப் பட இயக்குநர், லண்டனின் அலெக்ஸாண்டர் கோர்டா நிறுவனத்துக்காக மைசூர் வந்தார். கிப்ளிங் எழுதிய யானைப் பாகன் கதையைப் படமாக்குவது அவர் நோக்கம். மகாராஜாவின் யானைகள் அவருக்குக் கிடைத்தன. நடிக்க ஒரு சிறுவன் வேண்டியிருந்தது. யானைக் கொட்டிலில் இருந்த ஸாபுவை அவருடைய குழுவினர் கண்டெடுத்தனர். பேருருவம் கொண்ட ஐராவதம் என்னும் யானையின் மீது அச்சிறுவன் ஏறி அமர்ந்தான். 'எலிஃபண்ட் பாய்' என்னும் அப்படம் 1937 இல் வெளியாயிற்று. அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் அதன் இயக்குநர்கள் பரிசு பெற்றனர்.

அப்படத்தின் உயிர் எது? யானையின் மத்தகத்தின் மீது அச்சம் சிறிதுமின்றிச் சாய்ந்து கிடக்கும் சிறுவனே. அவ்வாறு சாய்ந்து கிடக்க எந்த நடிப்புப் பள்ளியும் கற்றுத் தர இயலாது. தந்தை வழியில் வந்த பழக்கம் அது. ஐராவதத்தைப் பழக்கிய பாகர்களின் பெயரை மட்டும் படம் பார்த்த கூட்டம் கேட்கவில்லை. கொட்டிலிலிருந்து ஒருவன் திரைக்கு வந்தான். மற்றவர்கள் கொட்டிலிலேயே நின்றுவிட்டார்கள்.

ஸாபு இங்கிலாந்து சென்றார். 'பாக்தாத் திருடன்' (1940), 'ஜங்கிள் புக்' (1942) ஆகிய படங்களால் பெரும்புகழ் எய்தினார். 1944 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தின் பீரங்கி வீரராகப் பணியாற்றி வீரப்பதக்கமும் பெற்றார்.

கம்பியும் கடிவாளமும்

அதே காலத்தில் ஹாலிவுட்டில் நடந்தது வேறு. 1936 இல் வெளிவந்த 'சார்ஜ் ஆஃப் த லைட் பிரிகேட்' என்னும் போர்ப்படத்தில் குதிரைகள் ஓடும்போதே இடறி விழ வேண்டியிருந்தது. குதிரையின் முன்கால்களில் மெல்லிய கம்பியைப் பிணைத்து, மறுமுனையைத் தரையில் அடித்த முளையில் கட்டினர். பாய்ந்தோடும் குதிரை கம்பியின் நீளம் முடிந்தவுடன் தலைகுப்புற விழும். பல குதிரைகள் கால் முறிந்து மாண்டன. 1939 இல் வெளிவந்த 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காக உயர்ந்த பாறை உச்சியிலிருந்து ஏரிக்குள் தள்ளப்பட்ட குதிரையும் மாண்டது. மக்களின் கண்டனம் எழுந்தது. அதன் விளைவாக அமெரிக்க ஜீவகாருண்ய சங்கம் 1940 இல் ஹாலிவுட்டில் அலுவலகம் திறந்து, படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கிற்று.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சான்று உண்டு. 'பென்ஹர்' கதை இருமுறை பெரும் படமாயிற்று. 1925 ஆம் ஆண்டுப் படத்தின் தேரோட்டக் காட்சிக்குக் குதிரைகள் பல பலியாயின. 1959 ஆம் ஆண்டுப் படத்துக்கோ கிளென் ராண்டல் என்னும் தேர்ந்த குதிரைப் பயிற்சியாளர் அமர்த்தப்பட்டார். யுகோஸ்லாவியாவிலிருந்து கொணர்ந்த குதிரைகளை அவர் பல மாதங்கள் பழக்கினார். கதையில் அரபு ஷெய்கு ஒருவருக்குரியவையாக வரும் வெண்குதிரைகள் நான்கும் அவர் கையில் பழகியவையே. பழக்குவோனின் பொறுமைக்குக் காலமும் கூலியும் கொடுக்க மனமில்லாதவர்கள் கம்பியை நாடினர். மார்க்கோபோலோ நம் கரையில் கண்டதும் இதுவேயன்றோ?

அமானிதம்

எனினும் நீதியாகப் பேசுவோர் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பழக்குதல் யாவும் அன்பினால் ஆனதன்று. காட்டு யானையைக் கூண்டில் அடைத்து, பட்டினி போட்டு, சங்கிலியால் பிணைத்து அடக்கிய வரலாறும் இத்தொழிலின் வரலாறே. பாகன் கை அங்குசம் சில வேளைகளில் ஏவுகோலாகவும், சில வேளைகளில் வதைகோலாகவும் இருந்ததுண்டு. அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் வடித்து நின்ற ஒட்டகத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடவிக் கொடுத்தார்கள். அதனைப் பட்டினி போடுவதையும் ஓயாது வேலை வாங்குவதையும் குறித்து, இறைவனை அஞ்சுமாறு உரிமையாளரைக் கண்டித்தார்கள். அவ்வொட்டகம் உரிமையாளரின் உடைமைதான். ஆயினும் இறைவன் ஒப்படைத்த அமானிதமும் ஆகும்.

நம் நாட்டில் 1960 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மிருகவதைத் தடைச் சட்டம் இக்கருத்தின் ஒரு கூற்றை ஏட்டில் ஏற்றியது. அதன்வழி 1962 இல் அமைந்த விலங்கு நல வாரியம், ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் தலைமையில் சென்னையிலேயே தொடங்கிற்று. 2018 இல் அது ஹரியானாவுக்கு மாற்றப்பட்டது. விலங்கைக் காட்சிக்குப் பழக்குவோர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் ஒரு விதி. திரையில் இடம்பெறாத பெயரைச் சட்டத்தின் பதிவேடாவது கேட்டது!

ஆயினும் நெடுங்காலம் அவ்விதி தூங்கியே கிடந்தது. சாண்டோ சின்னப்பா தேவர் யானை, பசு, ஆடு, பாம்பு ஆகியவற்றைக் கதாபாத்திரங்களாக்கிப் படமெடுத்த காலம் அது. அவர் 1971 இல் இந்தியில் எடுத்த 'ஹாத்தி மேரே ஸாத்தி'யும், அதன் தமிழ் வடிவமாக 1972 இல் வந்த 'நல்ல நேர'மும் யானைகளாலேயே வெற்றி கண்டன. 1998 இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்தையும் காட்சிக்குப் பழக்குவது அறவே தடுக்கப்பட்டது. 2001 இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை உறுதி செய்தது. அவ்வாண்டே வந்த புதிய விதிகள், படப்பிடிப்பில் விலங்கை அதன் இயல்புக்கு மாறாக ஏவுவதையும் நெருப்பின் அருகே நிறுத்துவதையும் தடுத்தன.

இச்சட்டம் நியாயமானது என்பதே நம் கருத்து. ஆனால் அதனால் பிழைப்பிழந்தோரும் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒரே அறிவைக் கற்றவன், வேறு தொழிலுக்கு எங்கே போவான்? விலங்குக்கு நீதி வழங்கியதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. அதன் நோயை நோக்கால் அறியும் மனிதனுக்கு வனத்துறை முகாமிலும் மருத்துவமனையிலும் மதிப்பான இடம் அளிப்பதும் நீதியின் பாற்பட்டதே.

1942 ஆம் ஆண்டின் 'ஜங்கிள் புக்' படத்தில் உயிருள்ள விலங்குகளின் நடுவே ஸாபு நடித்தார். அதே கதை 2016 இல் மீண்டும் படமானபோது, சிறுவன் ஒருவனைத் தவிர விலங்குகள் அனைத்தும் கணிப்பொறியில் வரையப்பட்டவையாக இருந்தன. எந்த விலங்கும் வருந்தவில்லை, அது நன்று. எந்தப் பாகனும் அழைக்கப்படவும் இல்லை.

ஸாபு 1963 டிசம்பர் 2 ஆம் நாள், தம் 39 ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். அவர் நடித்த கடைசிப் படமான 'எ டைகர் வாக்ஸ்' 1964 இல், அவர் மறைவுக்குப் பின் வெளியாயிற்று. சர்க்கஸிலிருந்து தப்பிய புலி ஒன்றைக் கொல்லத் துடிக்கும் ஊரில், அதனை உயிரோடு பிடிக்க உதவும் இந்திய விலங்குப் பயிற்சியாளராக அவர் அதில் தோன்றினார். பாகன் மகனாகத் திரைக்கு வந்தவர், விலங்கின் உயிருக்காகப் பரிந்து நிற்கும் பயிற்சியாளராகவே திரையை விட்டு நீங்கினார். காராப்பூர்க் கொட்டிலில் பெயரின்றி நின்றவர்கள் அனைவருக்குமாக அவர் அந்த வேடத்தில் நின்றார் என்று கொள்வோம். அவர்கள் பேணிய அமானிதத்துக்கு இறைவனிடத்தில் கூலி உண்டு. அவர்களை நினைவிற் கொள்ளும் கடமை நமக்குரியது.