நிலப்படத்தின் பின்பக்கம்: ஓர்டேலியசின் தாள்களும் எண்ணிமத் தொகுப்புகளும்

பழைய நிலப்படங்களின் எண்ணிமத் தொகுப்புகள், பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளின் ஐரோப்பிய நிலப்படவியலைக் கற்கும் முறையையே மாற்றியுள்ளன. இணையத்தில் திறக்கப்பட்ட டேவிட் ரம்சே தொகுப்பின் வழியே, முன்பு சில நூலகங்களில் மட்டுமே காணக்கிடைத்த தாள்களை இன்று எவரும் பெரிதாக்கிப் பார்த்து ஒப்பிட முடிகிறது. எனினும், படம் அச்சான முன்பக்கத்தை மட்டும் பதிந்து பின்பக்கத்தை விட்டுவிடும் தொகுப்பு, அத்தாளின் காலத்தைத் துணிவதற்கான முதன்மைச் சான்றை ஆய்வாளருக்கு மறுத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்குத் தக்க சான்று, ஆபிரகாம் ஓர்டேலியஸ் 1570இல் ஆண்ட்வெர்ப் நகரில் வெளியிட்ட ‘தியாட்ரம் ஓர்பிஸ் டெரரம்’ ஆகும். ஒரே அளவினவாக அமைந்த 53 நிலப்படத் தாள்களைக் கொண்ட இந்நூல், முதல் நவீன நிலப்பட ஏடாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு நிலப்படத்துக்கும் உரிய விளக்கம் அதே தாளின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டது. லத்தீனில் தொடங்கிய நூல் டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம், ஆங்கிலம், இத்தாலியம் ஆகிய மொழிகளிலும் வெளிவந்தபோது, படத்துக்குரிய செப்புத்தகடு பெரும்பாலும் மாறாதிருக்கப் பின்பக்க உரையும் பக்க எண்ணும் பதிப்புதோறும் மாறின.

அந்நூலின் உலகப்படமோ அடுத்தடுத்து மூன்று தகடுகளிலிருந்து அச்சாயிற்று. முதல் தகட்டின் கீழ் இடது மூலையில் பின்னாளில் விரிசல் விழுந்தது. 1587ஆம் ஆண்டைத் தாங்கிய மூன்றாம் தகட்டிலோ, தென்னமெரிக்காவின் தென்மேற்குக் கரையில் முன்பு பிழையாக வரையப்பட்டிருந்த புடைப்பு நீக்கப்பட்டது. இவ்வேறுபாடுகள் முன்பக்கத்திலேயே தெரிபவை. ஆனால் மூன்றாம் தகடு பல ஆண்டுகள் பயன்பட்டதால், அதில் அச்சான தாளொன்றின் பின்னே 1606ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பின் உரை இருக்குமாயின், அது தகடு செதுக்கப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் அச்சானது என்பது தெளிவு. முன்பக்கத்தை மட்டும் கொண்டு 1587 எனப் பட்டியலிடுவது, தகட்டின் காலத்தைத் தாளின் காலமாகக் கொள்ளும் பிழையாகும்.

நூல்களிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித்தாள்களாக விற்கப்பட்ட நிலப்படங்கள் பல என்பதால் இப்பிழையின் விளைவு பெரிது. நூலை இழந்த தாளுக்குப் பின்பக்கமே அடையாளம். சட்டத்தில் ஒட்டப்பட்ட தாள்களின் பின்பக்கத்தைப் படமெடுக்க இயலாது என்பதும், இருமடங்குப் படங்களுக்குச் செலவு கூடும் என்பதும் உண்மையே. ஆயினும் அத்தடையைப் பட்டியலில் குறித்து, தகட்டின் ஆண்டையும் அச்சின் ஆண்டையும் தனித்தனியே பதிவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

ஆகவே எண்ணிமத் தொகுப்புகள் நிலப்படத்தை ஓவியமாக அன்றி, இரு பக்கமும் கொண்ட அச்சுத் தாளாகப் பதிதல் வேண்டும். அதுவரை அவற்றின் ஆண்டுக் குறிப்புகளை ஆய்வாளர் பின்பக்கச் சான்றோடு ஒப்பிடாமல் ஏற்றல் தகாது.