கியர் உள்ளேயா, வெளியேயா?

இந்த முறை ஊருக்குப் போக ரயில் டிக்கெட் போடவில்லை. புணேயிலிருந்து மதுரைக்கு சைக்கிளில் வருவதாகச் சொல்லிவிட்டேன். பெங்களூர் வழியாக சுமார் 1,270 கிலோமீட்டர். தங்கமணி "பைத்தியம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அப்பா மட்டும் போனில் உருப்படியாக ஒன்று கேட்டார்: "நடு வழியில மக்கர் பண்ணா யாருப்பா பாப்பா?"

பதில் தேடப்போய் நூறு வருஷக் கதைக்குள் விழுந்துவிட்டேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சைக்கிள் கியரில் இரண்டு ஜாதி. ஒன்று, பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே ஒளிந்திருப்பது. நடுவில் சூரியன் மாதிரி ஒரு பல்சக்கரம், சுற்றிலும் கிரகங்கள் மாதிரி சின்னப் பல்சக்கரங்கள். மண்ணும் மழையும் உள்ளே போகாது. நின்றபடியே கியர் மாற்றலாம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், ராலே கம்பெனி முதலாளி ஃபிராங்க் பவுடன் பணம் போட, 1903 வாக்கில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் சந்தைக்கு வந்தது. 1936-இல் வந்த அவர்களுடைய ஏ.டபிள்யூ. மாடல் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது.

இன்னொன்று டீரெய்லர். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து 'தடம் புரட்டி' அடுத்ததில் ஏற்றுவது. எல்லாம் வெளியே, கண்ணுக்குத் தெரியும். பிரான்சில் வெலோசியோ என்ற பெயரில் எழுதிய பால் த விவி, 1887-இல் தொடங்கிய தன் பத்திரிகையில், மலையேற கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். ஆனால் டூர் த பிரான்ஸ் பந்தயத்தை நடத்திய ஆன்ரி தெக்ராஞ்சுக்கு இது பிடிக்கவில்லை. கியர் போட்டால் வீரம் எங்கே என்பது அவர் கட்சி. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். 1937-இல்தான் டீரெய்லருக்கு அனுமதி கிடைத்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1963-இல் டெர்வ்லா மர்ஃபி என்ற அயர்லாந்துப் பெண்மணி டன்கர்க்கிலிருந்து டெல்லி வரை தனியாக சைக்கிளில் வந்தார். கிளம்பும் முன் அவர் செய்த காரியம், வண்டியிலிருந்த மூன்று கியர் டீரெய்லரைக் கழற்றிப் போட்டதுதான்! ஆசியச் சாலைகளை அது தாங்காது என்று நினைத்தார். ஒற்றைக் கியரிலேயே வந்து சேர்ந்தார்.

1998-இல் ஜெர்மனியின் ரோலோஃப் 14 கியர் ஹப் வந்த பிறகு நெடும்பயணிகள் பலர் அதற்கு மாறினார்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும். விலை லட்சத்தைத் தாண்டும். அதைக்கூட சமாளிக்கலாம். ஆனால் உள்ளே ஏதாவது உடைந்தால் தாவண்கெரேயில் யார் பார்ப்பார்கள்? பார்சல் கட்டி அனுப்ப வேண்டியதுதான்.

போன மழைக்காலத்தில் சாத்தாரா தாண்டி வழுக்கி விழுந்தேன். டீரெய்லர் வளைந்து கம்பிகளுக்குள் போய்விட்டது. அன்றைக்கு மர்ஃபி சொன்னது சரி என்றுதான் தோன்றியது. ரோட்டோரக் கடைப் பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கழற்றி என் கையில் கொடுத்தார். சுத்தியலும் ஆணியும் வைத்து செயினில் சில கண்ணிகளை எடுத்துவிட்டு, ஒரே பல்சக்கரத்தில் மாட்டினார். ஐம்பது ரூபாய். ஒற்றைக் கியரில் புணே வந்து சேர்ந்தேன்.

அவர் கியர் சைக்கிள் நிபுணர் எல்லாம் இல்லை. கோளாறு கண் முன்னே இருந்தது, அவ்வளவுதான். மர்ஃபி காலத்தில் டீரெய்லர் இந்தப் பக்கம் அபூர்வப் பொருள். இன்றைக்கு மாவட்டத் தலைநகரங்களில் பள்ளிப் பையன்கள் கியர் சைக்கிள் ஓட்டுகிறார்கள். செயினும் கேபிளும் கிடைக்கும். ஐரோப்பாவில் இருந்தால், மழையிலும் சேற்றிலும் தினமும் ஓட்டுபவனாக இருந்தால், ஹப்தான் வாங்கியிருப்பேன்.

ஆகவே டீரெய்லரோடுதான் கிளம்புகிறேன். அது மாட்டியிருக்கும் ஹேங்கர் என்ற சின்னத் துண்டு ஒன்று உபரியாக, செயின் கழற்றும் கருவி ஒன்று, இரண்டு கேபிள். டிசம்பர் குளிரில் கம்பட்கி காட் ஏறிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அப்பாவிடம் சொன்னேன், "யார் வேணா பாப்பாங்கப்பா." கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எதுக்கும் ஆணியும் சுத்தியும் வச்சுக்க" என்றார்.

ஹூப்ளி, தும்கூர் பக்கம் நம்மவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஒரு வாய் காபிக்கு வருகிறேன் :-)