திரை பாதி, பெற்றோரின் பேச்சு மீதி

அழும் குழந்தையின் கையில் விவேகக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு வீட்டு வேலையைக் கவனிப்பது இன்று தோட்டத்திலும் தாமானிலும் வழக்கமாகிவிட்டது. "பாட்டுத்தானே பார்க்கிறான், நிறம், எண் எல்லாம் கற்றுக்கொள்கிறான்" எனப் பெற்றோர் ஆறுதல் கொள்வதும் உண்டு. ஆனால், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், நேரில் ஒருவர் சொல்லித் தரும்போது கற்கும் அளவுக்குத் திரையிலிருந்து கற்பதில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேட்ரிசியா கூல் குழுவினர் நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 9 மாதக் குழந்தைகளுடன் மாண்டரின் பேசுவோர் 12 முறை விளையாடி, புத்தகம் வாசித்தனர். அக்குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதையே காணொலியில் மட்டும் பார்த்த குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. திரையில் இருப்பவர் குழந்தையின் முகத்தைப் பார்த்து மறுமொழி சொல்வதில்லை என்பதே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குத் திரை பயன்படும். உடன் இருப்பவர் பேச வேண்டும். வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கதைக் காணொலியை இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்ட பெற்றோரின் 3 வயதுப் பிள்ளைகள், வழக்கம்போல் பார்த்த பிள்ளைகளைவிடக் கதையையும் புதிய சொற்களையும் நன்றாக அறிந்திருந்தனர். 1969-இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் பெரியவர்களும் சிரிக்கும்படியான நகைச்சுவை சேர்க்கப்பட்டதும், பெற்றோர் பிள்ளையோடு உட்கார வேண்டும் என்பதற்காகவே.

வீட்டில் செய்ய வேண்டியவை

கேளுங்கள்: காட்சியை நிறுத்தி, "பாப்பா, அவன் ஏன் அழுறான்?" எனக் கேட்கலாம். ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியே நல்லது.

காத்திருங்கள்: பதிலை நாமே சொல்லிவிடாமல் சில விநாடி பொறுக்க வேண்டும்.

கூட்டிச் சொல்லுங்கள்: பிள்ளை "லாரி" என்றால், "ஆமா, பெரிய மஞ்சள் லாரி" என நீட்டிச் சொல்லி, அதைத் திரும்பச் சொல்ல வைக்கலாம்.

திரைக்கு வெளியே தொடருங்கள்: மறுநாள் செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லாரியைக் காட்டலாம். மூன்று எனும் எண்ணைப் பார்த்த பிள்ளையை மூன்று வெங்காயம் எடுத்து வரச் சொல்லலாம்.

நிகழ்ச்சி தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2007 முதல் ஒளிபரப்பாகும் 'உப்பின் இப்பின்' மலாய் மொழியில் இருந்தாலும், அதில் வரும் ராஜூவைப் பற்றியும் அங்கிள் முத்துவைப் பற்றியும் தமிழில் பேசலாம். பிள்ளை ஒரே காட்சிக்கு இரு மொழியிலும் சொல் அறிந்துகொள்ளும். திரையில் மலாயும் ஆங்கிலமுமே மிகுதியாக ஒலிக்கும் வீட்டில், தமிழ்ச் சொல் பெற்றோர், தாத்தா, பாட்டி வாயிலிருந்துதான் வர வேண்டும்.

எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டியின்படி, 2 வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உணவு வேளையில் திரையைத் தவிர்க்குமாறு சிங்கப்பூர் சுகாதார அமைச்சும் அறிவுறுத்துகிறது.

பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக வாசிக்கலாம். சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியத்தின் செயலியிலும் தமிழ் மின்னூல்கள் உள்ளன.

ஷிப்ட் வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு நாள் முழுவதும் உடன் இருக்க இயலாது. எனினும், வேலை முடிந்து வந்தபின் பிள்ளையை மடியில் வைத்து ஒரே ஒரு கதையை, பத்து நிமிடம் பேசிப் பேசிப் பார்ப்பது எந்த வீட்டிலும் முடியக்கூடியதே.