மருத்துவமனை வாயிலும் மனத்தடையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் புறநகர் இரயிலில் நாள்தோறும் தொழிலாளர் வந்து செல்கின்றனர். திருவள்ளூரில் 2022ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. ஆயினும் மருத்துவமனை அருகிலிருப்பது வேறு. அச்சமின்றி அதனுள் நுழைய இயல்வது வேறு. இவ்வட்டாரத்திலும் பிற இடங்களிலும் வாழும் திருநங்கையரும் தன்பாலீர்ப்பு உடையோரும் இவ்வேறுபாட்டை நன்கறிவர். இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, தன்பாலுறவைக் குற்றமாக்கியது. சமூகம் சுமத்திய பழிக்குச் சட்டமும் துணைநின்றது. குற்றவாளியெனக் கருதப்படுவோர் தம் வாழ்வை மருத்துவரிடம் மனந்திறந்து கூறுவரோ?

இக்கேள்வியின் கொடுமை எய்ட்ஸ் நோய் பரவியபோது வெளிப்பட்டது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். ஒளிந்து வாழ்வோரைத் தேடிச் செல்லும் நலப்பணியைச் 'சகோதரன்' அமைப்பு 1998இல் சென்னையில் தொடங்கிற்று. 2006இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே, 377ஆம் பிரிவு மக்களை மறைந்து வாழச் செய்து தடுப்புப்பணிக்கு இடையூறாகிறது எனத் தில்லி உயர் நீதிமன்றத்தில் உரைத்தது. நோயினும் பழிக்கு அஞ்சியே மக்கள் மருத்துவத்தை விட்டு விலகினர் என்பது இதனால் தெளிவாகிறது.

பின்னர் வாயில்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. 2008இல் தமிழக அரசு திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. மருத்துவமனைகளில் அவர்களுக்கு உரிய சிகிச்சை அளிக்குமாறு 2014இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று என 2018இல் அதே மன்றம் தீர்ப்பளித்தது.

எனினும் ஒரு தடை எஞ்சியிருந்தது. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நீக்கியிருந்தும், அதனை 'மாற்றும்' முயற்சிகள் தொடர்ந்தன. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் அம்முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அதற்குமுன் அவர் தமது அறியாமையை ஒப்புக்கொண்டு, உளவியல் அறிஞர் ஒருவரிடம் அமர்ந்து கற்றார் என்பது கருதத்தக்கது.

ஆயர்களாகிய நமக்கு இதில் பாடமுண்டு. கலங்கிய பெற்றோர் தம் பிள்ளையுடன் முதலில் நாடுவது பெரும்பாலும் ஆயரகத்தையே. அங்கு நாம் கூறும் ஒரு சொல் அப்பிள்ளையை மருத்துவத்திற்கு வழிநடத்தலாம். நம்பிக்கையிழந்து உயிரையே வெறுக்கவும் செய்யலாம். தொழுநோயாளரை ஊர் ஒதுக்கியபோது மருத்துவமனை கட்டி அவர்களை ஏற்ற திருச்சபை, இன்று வேறொருவரை ஒதுக்கும் ஊரின் பக்கம் நிற்கலாமோ? நீதிபதி கற்கத் துணிந்ததை நாமும் கற்போமாக. தீர்ப்புரைக்குமுன் செவிகொடுப்போம், கேட்டதை மறைவாய்க் காப்போம், தேவைப்படின் மருத்துவமனை வாயில்வரை உடன் நடப்போம்.